வாசலூர்பட்டியில் டிஷ் திருப்பிய காலை

முப்பத்தோரு வருடம் லாரிகளுக்கு பாடி கட்டியவன் நான். நாமக்கல்லில் பட்டறை. இன்ஜினும் சட்டமும் மட்டுமாய் வெறும் சேஸாக வந்து நிற்கும் வண்டிக்கு மரமும் இரும்பும் சேர்த்து உடம்பு கொடுத்து அனுப்புவது எங்கள் தொழில். கடைசியாக எனக்கென்று ஒரு வண்டி கட்டிக்கொண்டேன். ஏதோ பள்ளிக்கூடம் வேண்டாமென்று தள்ளிய பழைய வேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே கட்டில் போட்டேன். சமையல் மேடை, சின்னக் கழிவறை, கூரையில் சோலார் பலகை, காற்று வரக் கூரையிலேயே ஒரு சதுரத் திறப்பு. மெத்தை உறையும் திரைச்சீலையும் என் மனைவி தைத்தாள்.

அவளுக்குக் காது கேட்காது. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் போய்விட்டது. லாரி சீட்டு தைக்கும் கடையில் அவள் வேலை செய்தாள், எங்கள் பட்டறைக்கு எதிர்க்கடை. பட்டறையில் ஆணி அடிக்கும் சத்தத்தில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு விழாது, எல்லோரும் கையை ஆட்டித்தான் பேசுவோம். நாங்கள் செய்ததெல்லாம் சைகை அல்ல, வெறும் கையாட்டல் என்று எனக்குப் புரியவைத்தவள் அவள். கற்றுக்கொடுத்தாள். கல்யாணமும் செய்துகொண்டோம்.

ஆகவே, அவள் சொன்னாள் என்று நான் எழுதும் இடத்திலெல்லாம் கையால் சொன்னாள் என்று படித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று. சைகை மொழியில் நீங்கள், நீ என்ற பேதம் கிடையாது. ஆளை நோக்கி விரலை நீட்டினால் முடிந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவனை வாங்க, போங்க என்பார்கள். என் மனைவி கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது.

போன தை மாதம் அந்த வேனை எடுத்துக்கொண்டு கொல்லிமலை ஏறினோம். எழுபது வளைவையும் நான் கட்டிய வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஏறியது என்பதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. வாசலூர்பட்டியில் படகுத் துறைக்குப் போகும் வழியில், ஒரு குடியானவப் பெண் தன் வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ளச் சொன்னாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மேட்டில் சாமை, சரிவில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, வேலியோரம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி என்று அளவான பூமி. அவள் கணவர் மிளகு மூட்டையோடு செம்மேடு போயிருந்தார்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, தோசை தின்றுகொண்டிருக்கும்போது போனில் மகளிடமிருந்து செய்தி வந்தது.

"அப்பா, இன்னிக்கு ஒரு மணி செய்திக்கு நான்தான். எப்பவும் வர்ற அக்காவுக்கு உடம்பு சரியில்லை. அம்மாகிட்டச் சொல்லுங்க."

டி.வி.யில் செய்தி வாசிக்கும்போது திரையின் மூலையில் சின்னச் சதுரத்தில் ஒருவர் நின்று சைகையில் சொல்வார் அல்லவா, அந்த வேலைக்குத்தான் எங்கள் மகள் சென்னையில் ஒரு சேனலில் சேர்ந்து நான்கு மாதமாகப் பயிற்சியில் இருந்தாள். இன்னும் ஒருநாளும் திரையில் வந்ததில்லை.

போனை மனைவியிடம் நீட்டினேன். படித்தாள். தோசைக் கையோடு மறுபடியும் படித்தாள். பிறகு எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து மூன்றாம் முறை படித்தாள்.

இந்தச் செய்திக்குப் பின்னால் பழைய கதை ஒன்று உண்டு. எங்கள் மகளுக்கு நன்றாகக் காது கேட்கும். பேசுவதற்கு முன்பே சைகை கற்றவள். ஏழு வயதிலேயே பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் அம்மாவுக்கு அவள்தான் வாய். எட்டாம் வகுப்பில் பஸ்ஸில் கூடப் படிக்கும் பெண்கள் அம்மாவும் மகளும் பேசுவதைப் பார்த்து, அதேபோல் கையை ஆட்டிச் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து வெளியில் கையைத் தூக்க மாட்டேன் என்றுவிட்டாள். தெருவில் அம்மாவுக்குப் பத்தடி முன்னால் நடப்பாள். கிட்டத்தட்ட இரண்டு வருடம். நான் கோபப்பட்டேன். என் மனைவி, "விடு, அவ கை எங்கயும் போயிடாது" என்று மட்டும் சொன்னாள். பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியில், தங்கள் குழந்தைக்கு என்ன என்று டாக்டரிடம் சொல்ல முடியாமல் காது கேளாத தம்பதி ஒன்று தவித்துக்கொண்டிருக்க, இவள் போய் நடுவில் நின்று முழுவதையும் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று அம்மாவிடம் அதைக் கையால் விவரித்தாள். தெருவே பார்த்தது. அவள் கவலைப்படவில்லை.

எனவே அந்த ஒரு மணிச் செய்தியை நாங்கள் பார்த்தே ஆகவேண்டும்.

முதலில் நிலத்துக்காரப் பெண்ணிடம் போனேன். அவள் கையை விரித்தாள். "எங்கூட்டுல டி.வி. இருக்குதுங்ணா. ஆனா இன்னிக்குக் கரண்டு நிறுத்தங்க. சாயந்திரம் அஞ்சு மணிக்குத்தான் வருமுன்னு லைன்மேன் சொல்லிட்டுப் போனாருங்க. சுத்துப்பட்டுல எந்த ஊட்லயும் ஓடாதுங்க."

போனில் பார்க்கலாமென்றால் அந்த இடத்தில் ஒரு போட்டோ இறங்கவே கால் மணி நேரம் ஆகும். மலையிறங்கிப் போய்விடலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"வாட்சைப் பாத்துக்கிட்டே நீ எழுபது வளைவு ஓட்டுவே, நான் பக்கத்துல உக்காரணும். வேண்டாம்" என்றாள். பிறகு கூரையைக் காட்டினாள். "அது எதுக்கு இருக்குது?"

கூரையில் டிஷ் இருந்தது. கிரிக்கெட் பார்க்கலாமென்று ஆசைப்பட்டு நானே தகடு வெட்டி, கம்பம் பற்றவைத்துப் பொருத்தியது. வண்டியில் பேட்டரியும் சின்ன டி.வி.யும் உண்டு. நாமக்கல்லில் டிஷ் மாட்டுகிறவர் ஒருவர் வந்து ஒருமுறை திருப்பிவைத்துப் படம் காட்டினார். அவர் வைத்த சாய்வில் நான் பெயிண்டால் கோடு போட்டுக்கொண்டேன். அதோடு மடக்கியதுதான். இதுவரை ஒருநாளும் வெளியூரில் விரித்ததில்லை. எனக்குப் பெரிய நம்பிக்கை. போனில் திசைகாட்டியைப் பார்த்துத் தென்கிழக்கே திருப்பி, சாய்வைக் கோட்டுக்குக் கொண்டுவந்தால் பத்து நிமிட வேலை.

கூரை மேல் ஏறினேன். திருப்பினேன். கோட்டில் வைத்தேன்.

ஒன்றும் வரவில்லை.

டி.வி.யில் சிக்னலுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் இரண்டு பட்டைகள். முதல் பட்டை, டிஷ் எங்கே பார்த்தாலும் பாதிக்கு மேல் நிறைந்து நின்று நம்மை ஏமாற்றும். இரண்டாவது பட்டைதான் உண்மை சொல்லும். அது பூஜ்யத்தில் கிடந்தது. நான் கூரையில், பட்டை உள்ளே. நிலத்துக்காரப் பெண் உதவிக்கு வந்தாள். "நான் நடுவால நின்னு கத்தறனுங்ணா" என்றாள். எண் ஏறுகிறதா என்று நான் கேட்க, அவள் எட்டிப் பார்க்க, காற்றில் அவள் சொன்னது எனக்கு 'இருபது' என்றும் 'இல்லீங்க' என்றும் மாறி மாறிக் கேட்டது. அரை மணி நேரம் இப்படியே போனது.

அப்போது கூரைத் திறப்பு வழியாக ஒரு கை மேலே வந்தது. என் மனைவியின் கை மட்டும். கட்டிலின் மேல் ஏறி நின்று, கண்ணை டி.வி.யில் வைத்துக்கொண்டு, கையைத் திறப்பு வழியே நீட்டியிருந்தாள். மூடிய முட்டி. பூஜ்யம். நான் டிஷ்ஷை இம்மியளவு நகர்த்தினேன். முட்டி. இன்னும் இம்மியளவு. முட்டி. எனக்கு முன்னால் மீட்டர் வைத்ததுபோல் இருந்தது. இனி யாரும் கத்த வேண்டியதில்லை. நிலத்துக்காரப் பெண் கீழே நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் எண் வரவில்லை. முட்டி கீழே போய், கொஞ்ச நேரத்தில் அதே கை டீ டம்ளரோடு மேலே வந்தது. எனக்கென்று நினைத்து வாங்கப் போனேன். கை பின்னால் இழுத்துக்கொண்டது. டம்ளரைக் கூரைத் தகட்டின் மேல் வைத்து அதைச் சுட்டிக் காட்டியது. டம்ளருக்குள் டீ ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டும் மறுபக்கம் ஒரு விரல் இறங்கியும் நின்றது.

வண்டி சரிவில் நிற்கிறது. நான் நாமக்கல்லில் கோடு போட்டது சமதரையில். வண்டியே முன்பக்கம் இறங்கி நின்றால் என் கோட்டுக்கு அர்த்தமில்லை. ரசமட்டம் வைக்காமல் ஒரு பலகை அடித்தவனில்லை நான், பட்டறையில் இதே தப்புக்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். டீயைக் குடித்துவிட்டு இறங்கினேன்.

நிலத்துக்காரப் பெண் வேலியோரத்திலிருந்து தட்டைக் கற்களாகப் பார்த்து எடுத்து வந்தாள். ஜாக்கி போட்டு, முன் சக்கரங்களுக்கு அடியில் கல் கொடுத்து, டம்ளரில் தண்ணீர் வைத்துப் பார்த்துப் பார்த்து வண்டியைச் சமமாக நிறுத்த மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது.

திரும்பவும் கூரை. இந்தமுறை கை திறந்தது. இரண்டு விரல், இருபது. பிறகு மூன்று. நாற்பதும் வந்தது. அடுத்த நொடி முட்டி. மறுபடி நாற்பது. மறுபடி முட்டி. நான் டிஷ்ஷைத் தொடவே இல்லை.

தென்கிழக்கே நிமிர்ந்து பார்த்தேன். வேலியோர சில்வர் ஓக் ஒன்றின் தலை சரியாக டிஷ்ஷின் பார்வைக்குக் குறுக்கே ஆடிக்கொண்டிருந்தது. காற்று வந்து கிளை விலகினால் எண் வரும், கிளை திரும்பினால் போகும். அதோடு மனைவி கட்டிலில் கால் மாற்றி நின்றால் வண்டி ஆடியது. வண்டியோடு டிஷ்ஷும் ஆடியது.

"அந்தக் கெளைய வெட்டிப்போடட்டுங்களாண்ணா?" என்று கீழிருந்து கேட்டாள் நிலத்துக்காரப் பெண். அந்த மரத்தில் அடியிலிருந்து உச்சிவரை மிளகு காய்த்துத் தொங்கியது.

"வேண்டாம் அம்மணி. என் புள்ளையப் பாக்கறதுக்கு உங்க மரத்துல கை வெக்கறதா" என்றேன். "டிஷ்ஷ வேற பக்கம் கொண்டுபோறேன்."

சொல்லிவிட்டேனே தவிர எங்கே கொண்டுபோவது, எதில் நிறுத்துவது என்று தெரியவில்லை. மேலே சாமை அறுத்துவிட்ட மேட்டில் மரமில்லை, வானம் திறந்து கிடந்தது. வண்டியிலிருந்து இருபத்தைந்து தப்படி. என்னிடம் இருபது மீட்டர் கேபிள் சுருளாக இருந்தது. ஆனால் டிஷ்ஷை மண்ணில் சும்மா வைத்தால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். குழி தோண்டிக் கம்பம் நட நேரமில்லை. பதினொன்றே கால்.

வண்டியின் பின்னால் போய் நின்று யோசித்தேன். என் முகத்துக்கு நேராக ஸ்டெப்னி தொங்கிக்கொண்டிருந்தது.

அதைக் கழற்றி மேட்டுக்கு உருட்டிக்கொண்டு போனேன். படுக்கவைத்தேன். ஸ்டெப்னி நடுவில் டிஷ் கம்பத்தின் தகட்டை வைத்து, சக்கரத்தின் ஓட்டைகள் வழியாக இரண்டு யூ போல்ட் கொடுத்து இறுக்கினேன். ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, கம்பம் நேராக நிற்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்து, டயருக்கு அடியில் மண் தள்ளிச் சரிசெய்தேன். மேலே இரண்டு கல் ஏற்றினேன். பிடித்து உலுக்கினேன். அசையவில்லை. லாரிக்கு பாடி கட்டியவன் கை அது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கேபிள் வண்டி வரை சரியாகப் போதும் அளவில் இழுபட்டு நின்றது.

இப்போது நான் மேட்டில். அவள் வண்டிக் கதவில், ஒரு கண் உள்ளே டி.வி.யில், ஒரு கண் என் மேல். காற்று சாமைத் தாளில் சரசரவென்று அடித்தது. அந்தக் காற்றில் எந்தத் தொண்டையும் எடுபட்டிருக்காது. எங்களுக்குத் தொண்டை தேவைப்படவில்லை.

"வலது பக்கம்" என்றாள். "இன்னும். மெதுவா. நீ திருப்பறது லாரிக் கதவு இல்ல. நில்லு."

நின்றேன்.

"முப்பது. மேல தூக்கு. நகத்தளவு. அம்பது. போச்சு, இறக்கு. அம்பத்தஞ்சு. இப்ப அந்தக் கண்ணைத் திருப்பு." டிஷ்ஷுக்கு முன்னால் கம்பியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத்தான் அவள் கண் என்று சொன்னாள். அதைக் கொஞ்சம் முறுக்கினேன். "எழுபது. எழுபத்திரண்டு. அப்படியே. மூச்சு விடாதே."

போல்ட் இறுக்குவதுதான் கடைசி வில்லங்கம். ஒரு பக்கம் இறுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் இழுக்கும். லாரிச் சக்கரத்துக்குப் போல்ட் இறுக்குகிற மாதிரி, எதிரெதிராக, கால் சுற்றுக் கால் சுற்றாக முடுக்கினேன். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் அவள் எண் சொன்னாள். கடைசிப் போல்ட் முடிந்தபோது எழுபத்தொன்று. அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை விரித்துச் சுழற்றினாள். காது கேளாதவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.

மணி பன்னிரண்டே முக்கால்.

நிலத்துக்காரப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி நடுவில் நின்றிருந்தாள். "எங்கூட்டுல டிஷ் மாட்டறப்ப ஊரே கூடிக் கத்துச்சுங்ணா, பொழுது எறங்கற மட்டும். நீங்க ரெண்டு பேரும் ஒரு சத்தமில்லாம முடிச்சுப்போட்டீங்க" என்றாள். நான் அதை மனைவிக்குச் சொன்னேன். அவள் வெட்கப்பட்டு, தாவணி போட்ட பெண்போல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சுற்றிலும் கரண்டு இல்லை, ஒரே ஒரு டி.வி. ஓடுகிறது என்றால் செய்தி எப்படியோ பரவிவிடுகிறது. பக்கத்துக் காட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்த ஐந்தாறு பெண்கள் ஏணியை விட்டு இறங்கி வந்தார்கள். டி.வி.யைக் கதவுப் பக்கம் திருப்பிவைத்தோம். எல்லோரும் மண்ணில் உட்கார்ந்தார்கள். என் மனைவி மட்டும் கதவுப் படியில், திரைக்கு மிக அருகில்.

ஒரு மணி. செய்தி வாசிப்பவர் வந்தார். வலது கீழ் மூலையில் உள்ளங்கை அகலச் சதுரம். அதில் எங்கள் மகள். கருநீலச் சுடிதார், பின்னிக் கட்டிய தலைமுடி. முதல் நான்கு வரிக்கு அவள் தோள் விறைத்திருந்தது. அணைத் தண்ணீர் பற்றிய செய்தி வந்ததும் கைகள் இளகிவிட்டன. அதன் பிறகு அவை ஓடிய ஓட்டம் எனக்குத் தெரிந்த ஓட்டம். சமையற்கட்டில், சாப்பாட்டுத் தட்டுக்கு மேல், அம்மாவும் மகளும் சண்டை போடும்போது பார்த்த அதே கைகள்.

நான் திரையைப் பாதியும் மனைவியைப் பாதியுமாகப் பார்த்தேன். அவள் கைகள் மடியில் கிடந்தபடியே மகளின் கைகளோடு மிகச் சின்னதாக அசைந்துகொண்டிருந்தன. பல வருடமாக, மூலையில் சைகை இல்லாத செய்திகளையெல்லாம் நான் சுருக்கிச் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். பெரும்பாலும் நான் பாதியை விட்டுவிடுவேன். அன்று என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

மிளகு பறிக்கும் பெண்களில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்ணா, அந்தப் பொட்டில நிக்கறது உங்க புள்ளைங்களா?"

"ஆமாங்க. எங்க ரெண்டு பேரு புள்ளை" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

அதற்குப் பிறகு செய்தி வாசிப்பவரை யாரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் மூலைக்குப் போய்விட்டது. நிலத்துக்காரப் பெண் என் மனைவியின் தோளைத் தொட்டு, திரையில் கண்ட ஒரு சைகையைத் தன் கையால் செய்து காட்டி, "ரயிலுங்களாக்கா?" என்று வாயசைத்துக் கேட்டாள். மனைவி தலையாட்டிவிட்டு, அவள் விரலைப் பிடித்துச் சரிசெய்து கொடுத்தாள்.

பதினைந்து நிமிடத்தில் செய்தி முடிந்தது. ஒரு தடவைகூடப் படம் உடையவில்லை.

கொஞ்ச நேரத்தில் மகள் கூப்பிட்டாள். வீடியோ எடுக்காது, குரல்தான். "அப்பா, அம்மா பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?"

மனைவியிடம் கேட்டேன். அவள் உடனே சொன்னாள். நான் அதைப் போனில் சொன்னேன். "இடது முழங்கை மேல போவுதாம் கண்ணு. சின்னதுலயே சொன்னேனேன்னு கேக்கறா."

அந்தப் பக்கம் மகள் சிரித்தாள். "வேற ஒண்ணும் சொல்லலீங்களா?"

அதையும் மனைவியிடம் கேட்டேன். அவள் கைகளை நிதானமாக எடுத்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். "பேங்கில, பஸ்ஸில, ஆஸ்பத்திரியில நம்ம பேச்சைப் பாத்து முகத்தைத் திருப்பிக்கிட்டவங்க எத்தனையோ பேரு. அவங்க ஊட்டுக்குள்ளயே இன்னிக்கு நீ போய்ப் பேசிட்டு வந்திருக்கே. நான் பெத்த கை அது. சொல்லு அவகிட்ட."

பாதிக்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. மகள் பொறுமையாகக் காத்திருந்தாள். ஏழு வயதிலிருந்து அந்த வேலை பார்த்தவள் அவள். மீதியைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன்.

இன்னும் இரண்டு நாள் அங்கேயே இருந்தோம். பிறகு தேவனூர் நாட்டுப் பக்கம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, ஸ்டெப்னியை உருட்டி இறக்கி, டிஷ்ஷைத் திருப்பி, படம் கொண்டுவர எங்களுக்கு இருபத்திரண்டு நிமிடம்தான் ஆனது. வாட்சைப் பார்த்தே செய்தோம்.

மலையிறங்கும் நாளில் செம்மேட்டில் டீ குடிக்க நிறுத்தினேன். மனைவி வண்டியிலேயே இருந்தாள். டீக்கடைக்காரர் வண்டியைப் பற்றி விசாரித்தார். வண்டியைப் பற்றி ஆரம்பித்த நான் எப்படியோ ஒரு மணிச் செய்திக்கு வந்து, எங்கள் மகள் எந்த மூலையில் நிற்பாள், என்ன கலர் சுடிதார் என்பது வரை சொல்லிக்கொண்டிருந்தேன். டம்ளர்களை வாங்கிக்கொண்டு திரும்பினால், ஜன்னலில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபதடி தூரத்திலிருந்தே கேட்டாள்.

"இதோட எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருக்கே?"

கையில் இரண்டு டீ. பதில் சொல்ல விரல் காலியில்லை. ஒரு டம்ளரைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, மூன்று என்று காட்டினேன்.

அவள் நம்பவில்லை. பெட்ரோல் பங்க், பேக்கரி, படகுத் துறையில் டிக்கெட் கொடுத்தவர் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். இரண்டாவது கையும் தேவைப்பட்டது.